மலைக்கு என்ன விலை?

உங்க கையால இதுவரைக்கும் தொட்டதுலயே ரொம்பப் பழைய பொருள் எது? கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்லுங்க.

பாட்டி வீட்டு அம்மிக்கல்லா? தாத்தாவோட ஹெச்.எம்.டி. வாட்ச்சா? தஞ்சாவூர் பெரிய கோயில் தூண்? கோயில்னா ஆயிரம் வருஷம், நல்ல பதில்தான். ஆனா அந்தத் தூண்ல இருக்கிற கல்லுக்கு வயசு ஆயிரம் இல்லீங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால அதை வெட்டி எடுத்தாங்க, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடியே அது கோடிக்கணக்கான வருஷமா சும்மா படுத்துக் கிடந்தது.

நான் தொட்டதுல ரொம்ப சீனியர், ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கிடக்கிற ஒரு தீவோட கரைப் பாறை. வயசு ஏறக்குறைய 300 கோடி வருஷம். தீவோட வடக்குப் பக்கத்துக்கு லூயிஸ்னு பேர், தெற்குப் பக்கத்துக்கு ஹாரிஸ்னு பேர். ஒரே தீவுக்கு ரெண்டு பேர். பாறையோட பேர்... சிரிக்காதீங்க... நைஸ்! இங்கிலீஷ்ல எழுதும்போது முன்னால ஒரு 'ஜி' சைலன்ட்டா உட்கார்ந்திருக்கும். தீவோட பேரையும் சேர்த்து 'லூயிசியன் நைஸ்' என்பார்கள். பிரிட்டனிலேயே மிகப் பழைய பாறை இதுதான்.

கிளாஸ்கோவில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தபோது, மே மாதத்தில் நாலு நாள் லீவு கிடைத்தது. மற்றவங்க எல்லாம் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம்னு கிளம்ப, என் பர்ஸ் இந்தத் தீவைத்தான் காட்டியது. ஜியாலஜி படிக்கிற ரூம்மேட் ஒருத்தர் போகும்போது ஒரே ஒரு விதி மட்டும் சொல்லி அனுப்பினார். அதைப் பிறகு சொல்றேன்.

இன்வெர்னஸ் வரை ரயில். அங்கிருந்து அல்லாபூல் துறைமுகத்துக்குப் பஸ். அப்புறம் ஸ்டோர்னோவே என்ற ஊருக்குக் கப்பல், ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். இறங்கினதும் முதலில் கவனிப்பது காற்று. குடை என்ற பொருளுக்கு அந்த ஊரில் வேலையே கிடையாது, விரிச்ச உடனே பறந்துடும். இரண்டாவது கவனிப்பது, மரம் இல்லாதது. ஸ்டோர்னோவேயைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கு எட்டிய வரை பழுப்பு நிறத்தில் சதுப்பு நிலம், நடுநடுவே சின்னச் சின்னக் குளங்கள், அதற்கு நடுவே சாம்பல் நிறத்தில் முதுகு காட்டும் பாறை.

யார் ஜூனியர்?

லூயிஸின் மேற்குக் கரையில் மாங்கர்ஸ்டா என்று ஓர் இடம். செங்குத்தான பாறைச் சுவர்கள். அதிலிருந்து பிரிந்து கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் தூண்கள். பாறையில் ஏற்கெனவே இருக்கிற விரிசலைத் தேடிப் பிடித்து அலை அடிக்கிறது. விரிசல் குகையாகிறது. குகை குடைந்து மறுபக்கம் போனால் வளைவு. வளைவின் கூரை இடிந்து விழுந்தால் மிச்சம் ஒரு தூண். அட்லாண்டிக் கடல் அங்கே பல ஆயிரம் வருஷமாக இந்த ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் பாறையின் அழகு தெரியும். வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக இருக்கும். நேர்க்கோடு இல்லை, சப்பாத்தி மாவை மடித்து மடித்துப் பிசைந்த மாதிரி நெளிந்து வளைந்து போகும். காரணம் இருக்கிறது. இது முதலில் பூமிக்கு அடியில் உருகிய குழம்பாக இருந்து, ஆறி இறுகிய பாறை. அப்புறம் அதை மறுபடி பல கிலோமீட்டர் ஆழத்தில் வைத்து அழுத்திச் சூடு பண்ணியது பூமி. அந்த அழுத்தத்தில் வெளிறிய தாதுக்கள் ஒரு பக்கம், கறுப்புத் தாதுக்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து வரிகளாயின. கல் என்றால் அசையாதது என்றுதானே நினைக்கிறோம்? அது பிசைந்த மாவு மாதிரி வளைந்ததற்குச் சாட்சி அந்த வரிகள்.

அந்த வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சில இடங்களில் கறுப்புப் பட்டைகள் போகும். அதையும் வெட்டிக்கொண்டு இளஞ்சிவப்பு நிறத்தில் கிரானைட் நரம்புகள் ஓடும். இங்கேதான் ரூம்மேட் சொன்ன விதி. "யார் யாரை வெட்டிக்கிட்டுப் போறாங்களோ, அவங்கதான் ஜூனியர்!" அவ்வளவுதாங்க. வெட்டுப்படுவதற்கு முதலில் ஒன்று அங்கே இருந்தாக வேண்டுமே! வரி போட்ட சாம்பல் பாறை சீனியர், கறுப்புப் பட்டை அடுத்த பேட்ச், சிவப்பு நரம்பு கடைசி பேட்ச். அந்தக் கடைசி பேட்ச்சுக்கே வயது ஏறக்குறைய 170 கோடி.

300 கோடி என்றால் எவ்வளவு என்று நம்ம மூளைக்கு எட்டாது. அதனால ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன் (படிப்பு அப்படி!). அந்தப் பாறையின் மொத்த வயசையும் ஒரே ஒரு வருஷமாகச் சுருக்குங்க. ஜனவரி 1-ஆம் தேதி பாறை பிறக்கிறது. டைனோசர்கள் அழிந்தது டிசம்பர் 23 வாக்கில். மனுஷன்னு ஒருத்தன் வந்தது டிசம்பர் 31 ராத்திரி 11 மணி தாண்டி. லூயிஸ் தீவில் கேலனிஷ் என்ற இடத்தில் இதே நைஸ் கல்லை நிறுத்தி வைத்து ஒரு வட்டம் கட்டியிருக்கிறார்கள், ஏறக்குறைய 5,000 வருஷத்துக்கு முன்னால். பிரமிடுகளுக்கும் மூத்தது. நம்ம கணக்கில் அது கடைசி 53 செகண்ட்.

உங்க மூணு வருஷ டிகிரி? ஒரு செகண்டை முப்பதாகப் பிரிச்சா அதில் ஒரு பங்கு. அரியர்ஸ் வெச்சிருக்கிறவங்க இனிமே தைரியமா நிம்மதியா இருக்கலாம்!

புதைக்க மண் இல்லை

கல்லைப் பார்த்து வாயைப் பிளந்ததோடு நான் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. ஹாரிஸுக்குப் போன பிறகுதான் விஷயமே வேற மாதிரி ஆனது.

ஹாரிஸின் மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் சில மைல் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனா ரெண்டும் வேற வேற கிரகம். மேற்கே லஸ்கன்டயர் என்ற கடற்கரை. மணல் கிட்டத்தட்ட வெள்ளை, தண்ணீர் பச்சை கலந்த நீலம். போட்டோ எடுத்து அனுப்பினா 'மாலத்தீவு எப்ப போனே?'ன்னுதான் கேட்பாங்க. தண்ணியில கால் வெச்சாத்தான் ஸ்காட்லாந்துன்னு தெரியும். அந்த மணலில் பாதிக்கு மேல் சிப்பிகள் நொறுங்கி வந்த தூள். காற்று அதை உள்ளே அடித்துக்கொண்டு வந்து கொட்டுகிறது. சிப்பியில் சுண்ணாம்பு இருக்கிறது. புளித்துப்போன சதுப்பு மண்ணில் சுண்ணாம்பு கலந்ததும் மண் விளைச்சல் மண்ணாகிவிடுகிறது. 'மஹர்' என்று கேலிக் மொழியில் பெயர். கோடையில் அந்தப் புல்வெளி முழுக்கப் பூ.

கிழக்குக் கரையில் அந்தச் சிப்பி மணல் இல்லை. பனியுகத்தில் தீவின் மேல் நகர்ந்த பனிப் பாளம் இருந்த மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் வெறும் நைஸ். பாறை, குளம், பாறை, குளம். ஸ்டான்லி குப்ரிக் 1968-இல் வெளியிட்ட '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் வேற்றுக்கிரகக் காட்சிக்கு, ஹாரிஸின் மேலே விமானத்தில் பறந்து எடுத்த படத்தைத்தான் நிறம் மாற்றிப் பயன்படுத்தினார்கள். இந்தக் கரையில் ரோடு போடுவதற்கு ஆன செலவைப் பார்த்து, அந்த ரோட்டுக்கே 'கோல்டன் ரோடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் ஏன் வீடுகள் இருக்கு? யாராவது விருப்பப்பட்டா போய்க் குடியிருப்பாங்க?

இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பிரபுக்களுக்கு மனிதர்களின் குத்தகையைவிட ஆடு லாபமாகத் தெரிந்தது. மேற்கே மஹர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். சிலர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மற்றவர்கள் கிழக்கே, இந்தப் பாறைக்கு வந்தார்கள். பாறை இடுக்குகளில் கடற்பாசியையும் கிடைத்த சதுப்பு மண்ணையும் முதுகில் சுமந்து வந்து கொட்டி, பாத்தி கட்டி, உருளைக்கிழங்கும் ஓட்ஸும் போட்டார்கள். அந்தப் பாத்திகளின் தடம் இப்பவும் வரிவரியாகத் தெரிகிறது. அதற்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சோம்பேறிப் பாத்தி'!

எனக்கு மனசில் நின்றது இன்னொன்று. கிழக்குக் கரையில் ஒருவர் இறந்தால் புதைக்கிற அளவுக்கு ஆழமான மண் இல்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு, மலையைக் கடந்து, மேற்கே லஸ்கன்டயர் பக்கம் போய்த்தான் புதைக்க வேண்டும். அந்தப் பாதைக்கு 'சவப்பெட்டிப் பாதை' என்று பெயர். இன்று அது டிரெக்கிங் பாதை. நான் நடந்தேன். வழியில் கல் குவியல்கள் இருக்கின்றன. பை மட்டும் சுமந்த எனக்கே மூச்சு வாங்கியது. உயிரோடு இருந்தவரை அந்த மண்ணில் வாழ விடவில்லை, செத்த பிறகு அங்கேதான் போகணும்!

'ஜியாலஜி'ன்னா ஏதோ கல்லு பேர் மனப்பாடம் பண்றதுன்னு நினைச்சிருந்தேன். யாருக்கு எந்தக் கல், யாருக்கு எந்த மண் என்பதும் அதில்தான் இருக்கிறது.

நிலாக் கல்

ஹாரிஸின் தென்முனையில், ரோடல் என்ற ஊருக்குப் பக்கத்தில், ரோனவல் என்று ஒரு மலை. உயரம் 460 மீட்டர். பெரிய மலை இல்லை. ஆனால் அதன் கல் நைஸ் இல்லை, அனார்த்தோசைட். வெளிறிய நிறம். நிலாவை அண்ணாந்து பார்க்கும்போது வெள்ளையாகத் தெரிகிற மேட்டுப் பகுதிகள் பெரும்பாலும் இந்த வகைக் கல்தான். 1971-இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலாவிலிருந்து கொண்டுவந்த புகழ்பெற்ற 'ஜெனிசிஸ்' கல்லும் அனார்த்தோசைட்தான். அதாவது, ஹாரிஸில் பஸ் ஏறிப் போனால் நிலாக் கல் ஜாதியைச் சேர்ந்த ஒரு மலையின் மேல் கால் வைக்கலாம்.

இந்த மலைக்குத்தான் விலை பேசினார்கள்.

1991-இல் ரெட்லேண்ட் என்ற கம்பெனி ஒரு விண்ணப்பம் கொடுத்தது. மலையை உடைத்து, ஜல்லியாக்கி, கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ரோடு போட அனுப்பத் திட்டம். அறுபது வருஷத்தில் ஏறக்குறைய 60 கோடி டன்! ஜல்லி வியாபாரத்தில் கல்லைவிட லாரி வாடகைதான் அதிகம். மலை கடலை ஒட்டியே இருந்தால் கப்பலில் கொட்டி மலிவாக அனுப்பிவிடலாம். ரோனவல் மாட்டிக்கொண்டதற்குக் காரணமே அது கரையோரத்தில் நிற்பதுதான்.

இந்த இடத்துல நீங்க உடனே 'அநியாயம்!'னு கையைத் தூக்கிடாதீங்க. ஹாரிஸில் இருந்தவங்க அப்படித் தூக்கலை. தீவில் வேலை கிடையாது. படிச்ச பசங்க எல்லாம் கிளாஸ்கோ, அபர்டீன்னு போயிடறாங்க. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு கம்பெனி 'வேலை தர்றோம்' என்கிறது. 1993 வாக்கில் ஊர் மக்களில் பெரும்பான்மையினர் 'வரட்டும்' என்றுதான் சொன்னார்கள். கவுன்சிலும் ஆதரித்தது.

1994-இல் அரசு பொது விசாரணை தொடங்கியது. அது அடுத்த வருஷம் வரை நீண்டது. ஜியாலஜி நிபுணர், மீன்பிடிப்பவர்கள், கம்பெனி வக்கீல் எல்லாரும் பேசினார்கள். அலாஸ்டர் மெக்கின்டோஷ் என்ற லூயிஸ்காரர் விசாரணைக்கு ஒரு கிறிஸ்தவப் பேராசிரியரையும், கனடாவின் மிக்மாக் பழங்குடித் தலைவர் ஒருவரையும் அழைத்து வந்தார். 'மலை யாருடையது?' என்று கேட்கிற கேள்விக்கு இன்ஜினீயர் மட்டும் பதில் சொன்னால் போதாது என்பது அவர் வாதம். இதற்குள் ஊரிலும் வீட்டுக்கு வீடு பேச்சு. 1995-இல் மறுபடி மக்களைக் கேட்டபோது பெரும்பான்மை 'வேண்டாம்' பக்கம் திரும்பியிருந்தது. கவுன்சிலும் மாறியது. இறுதியில் 2000 நவம்பரில் ஸ்காட்லாந்து அரசு அனுமதி மறுத்தது. ரெட்லேண்டை வாங்கியிருந்த லஃபார்ஜ் கம்பெனி மேல்முறையீடு செய்து, 2004-இல் கைவிட்டது.

ரெண்டு தடவை யோசித்த மனிதர்

கோல்டன் ரோடில் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து 'டடக் டடக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு பெரியவர் காலால் மிதித்துத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஹாரிஸ் ட்வீட்! இந்தத் தீவுக்கூட்டத்தில் வாழ்கிறவர், தன் வீட்டிலேயே, கையால் நெய்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம் என்று 1993-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் செம்பழுப்புச் சாயத்துக்குப் பாறைமேல் வளரும் பாசியைச் சுரண்டி எடுப்பார்களாம். துணிக்குக்கூட நிறம் கல்லிலிருந்துதான்.

"நீங்க குவாரிக்கு ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டேன். தறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"முதல் தடவை வேணும்னேன். ரெண்டாவது தடவை வேண்டாம்னேன். ரெண்டு தடவையும் யோசிச்சுத்தான் சொன்னேன்."

"ஏன் மாறிட்டீங்க?"

"முதல்ல என் பையனை நினைச்சேன். அவனுக்கு ஊர்ல ஒரு வேலை கிடைக்கும். அப்புறம் கணக்குப் பார்த்தேன். அறுபது வருஷம். அவன் பேரன் காலத்துல மலையும் இருக்காது, வேலையும் இருக்காது."

"பையன் இப்ப எங்க இருக்கார்?"

"அபர்டீன்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அப்புறம் தறி ஓட ஆரம்பித்தது.

இந்தக் கதையை 'மலை ஜெயிச்சது, மக்கள் சந்தோஷமாக வாழ்ந்தார்கள்' என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனா அப்படி நடக்கலை. ஹாரிஸில் இன்றைக்கும் இரண்டாயிரத்துக்கும் குறைவான பேர்தான். இளைஞர்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் வேறு சிலதும் நடந்தது. 2003-இல் வடக்கு ஹாரிஸ் மக்கள் டிரஸ்ட் அமைத்து, பிரபுக்கள் காலத்து எஸ்டேட்டை விலை கொடுத்து வாங்கினார்கள். இப்போது அந்த நிலத்தை என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுக்கிறார்கள். 2015-இல் டார்பர்ட் என்ற ஊரில் ஒரு மதுபான ஆலை வந்தது, உள்ளூர்க்காரர்களுக்கு வேலை தருவதை நோக்கமாகச் சொல்லியே ஆரம்பித்தார்கள். ஒரு மலை தரக்கூடிய அளவுக்கு வேலை இல்லைதான். ஆனா மலையும் இருக்கு.

நம்ம வீட்டுக் கல்

நான் வளர்ந்தது பல்லாவரம் பக்கம். எங்க ஏரியாக் குன்றுகளின் கல்லுக்கு உலகம் முழுக்க ஜியாலஜி புத்தகங்களில் ஒரு பேர் இருக்கு. சார்னோக்கைட். கொல்கத்தாவில் புதைக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான். அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அவர் பேரையே கல்லுக்கும் வைத்தார். வயது ஏறக்குறைய 250 கோடி. லூயிஸ் கல் மாதிரியே பூமியின் ஆழத்தில் வெந்து வந்த கல். ரெண்டும் பங்காளி மாதிரி!

இந்த விஷயம் எனக்குப் பல்லாவரத்தில் இருந்தவரை தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் 'ஜல்லி'. குன்று குறைந்துகொண்டே போனதும், குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியதும் தெரியும். 'இந்தக் குன்று வேணுமா, ஜல்லி வேணுமா?' என்று எங்க தெருவில் யாரும் வந்து கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டிருந்தா நாங்க என்ன சொல்லியிருப்போம்? தெரியலை. எங்க வீட்டு மொட்டை மாடி காங்கிரீட்லயும் அந்தக் கல்லுதானே இருக்கு. வீடு கட்ட ஜல்லி வேணும், அதை மறுக்கிறவன் நான் இல்லை.

ஆனா ஹாரிஸ்காரங்களுக்குக் கிடைச்ச ஒண்ணு பெரிசுங்க. அவங்களுக்குக் கேள்வி கேட்கவும், பதில் சொல்லவும், சொன்ன பதிலை மாத்திக்கவும் டைம் கிடைச்சது. கோடிக்கணக்கான வருஷக் கல்லுக்காக ஒன்பது வருஷம் யோசிச்சாங்க. அது அதிகமா?

அடுத்த லீவுல ஊருக்குப் போவீங்கல்ல? பஸ் ஜன்னல்ல இருந்து பார்த்தா ஒரு குன்று தெரியும். சின்ன வயசிலிருந்து பார்த்துப் பார்த்துக் கண்ணுல படாமலே போன குன்று. அதோட பேரு என்ன? அது என்ன கல்லு? யாருக்குச் சொந்தம்? அதை என்ன பண்ணலாம்னு யார் முடிவு பண்றாங்க? வீட்ல பெரியவங்ககிட்ட முதல் கேள்வியைக் கேளுங்க. காலேஜ்ல ஜியாலஜி டிபார்ட்மென்ட் இருந்தா ரெண்டாவது. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். அலைஞ்சு பாருங்க.